இருபது வருட டாக்டரா, இரண்டு தடவை பார்த்த டாக்டரா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைக்கிறார். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்துபோனது. அதன் பிறகு இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கின. "காலையில் கத்திரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாது. பத்து மணிக்கு மேல்தான் துணியில் கை வைக்க முடியும். படுக்கையிலிருந்து இறங்கினால் சரளைக்கல் மேல் நடக்கிற மாதிரி இருக்கும்" என்று எழுதுகிறார்.

அவர்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர், முதலில் சிக்குன்குனியாவின் மிச்சம் என்றிருக்கிறார். ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்ததால் முடக்குவாதம் கிடையாது என்று முடிவாகிவிட்டது. ஏ.எஸ்.ஓ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்ததால் 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, ஐந்து மாதம். இதய எக்கோ எடுத்ததில் கோளாறு இல்லை. இடையில் பக்கத்து டவுனில் எலும்பு டாக்டரிடம் போக, "தேய்மானம்" என்று கால்சியமும், பெயர் தெரியாத ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்திருக்கிறார். வலி மீறும்போதெல்லாம் குடும்ப டாக்டரிடம் இடுப்பில் ஒரு ஊசி. "போட்ட அன்றைக்கே எழுந்துவிடுவேன், ஐயா. அவர் கைராசி அப்படி."

கடைசியில் ஒரு உறவினர் வற்புறுத்தி, நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய், முடக்குவாத நோய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்த்திருக்கிறார். ஆன்ட்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனை பத்து மடங்குக்கு மேல் கூடுதல். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு ஓரிடத்தில் அரித்திருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், குறைந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரை. ஐந்து வாரம் சாப்பிட்டு, சீட்டைக் குடும்ப டாக்டரிடம் காட்டியதும் அவர் பதறியிருக்கிறார்: "இது கேன்சர் மாத்திரைம்மா. லிவர் போயிடும். நிறுத்து." மூன்று வாரமாக நிறுத்திவிட்டு, வாசகி மறுபடி ஊசியில் இருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: யாரை நம்புவது? இத்தனை நாள் கண்டுபிடிக்காதது டாக்டரின் தப்பா, கணவர் சொல்வதுபோல் கேஸ் போடலாமா? போன பதினான்கு மாதம் போனதுதானா? தை மாதம் கணவர் வரும்போது இரண்டாவது குழந்தைக்கு முயலலாமா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்திய மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். சீட்டு எழுதிய மருத்துவரின் பிரிவுக்கு ஃபோன் செய்து, மூன்று வாரம் விட்டுவிட்டதைச் சொல்லுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் உங்கள் ஊரிலேயே சோதனை எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டிருந்து தலைசுற்றல், வாந்தி, எழ முடியாத சோர்வு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், இதுவரை ஸ்டீராய்டு எடுத்தேன் என்று சொல்லுங்கள்.

யாரை நம்புவது என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது. நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். நம் பாட்டிமார் சரவாங்கி என்று சொன்னது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழிதவறித் தன் மூட்டுச் சவ்வையே தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். சிறப்பு மருத்துவர் எழுதிய சீட்டு, உலகமெங்கும் இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் சீட்டுதான்.

ஆனாலும் உங்கள் குடும்ப டாக்டரைப் பற்றி நீங்கள் கசப்போடு எழுதியிருக்கும் நான்கு வரிகள் என்னைத் தொந்தரவு செய்தன. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

அவர் எங்கே தவறவிட்டார்

டாக்டருக்கு 65 வயதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் எம்.பி.பி.எஸ். முடித்தது 1980களின் முதல் பாதியில் இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்ததே 1988-இல்தான். அவர் படித்த புத்தகத்தில் அது புற்றுநோய் அத்தியாயத்தில் இருந்திருக்கும். முடக்குவாதத்துக்கு அன்றைய முறை வேறு: முதலில் ஆஸ்பிரினும் ஓய்வும், அதற்கும் அடங்காவிட்டால் மெல்ல மெல்லப் படியேறி, கடைசியில் தங்க உப்பு ஊசி. பலமான மருந்தை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு அது தலைகீழாகிவிட்டது. எலும்பு அரிப்பு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்று தெரிந்ததும், முதல் சில மாதங்களுக்குள் நோயைப் பிடித்து அமுக்கிவிட வேண்டும் என்ற முறைக்கு வந்துவிட்டோம். இந்த மாற்றம் எங்களைப் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்குள் நடந்தது. தினம் நூறு பேருக்குச் சளியும் காய்ச்சலும் பார்க்கும் ஒரு தனி டாக்டரிடம் அதை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

சிக்குன்குனியா என்று அவர் நினைத்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2006-இல் அது தமிழகமெங்கும் அடித்து ஓய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு விரல் கணுக்கள் வீங்கி, காலையில் மடக்க முடியாமல் போய், முடக்குவாதத்தை அப்படியே அச்செடுத்ததுபோல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாக வடிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் வடியாதபோது, "இன்னும் ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நழுவியிருக்கிறது.

இதை நான் மேட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. சிறப்புப் படிப்புக்குப் போகும் முன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். சித்தாள் வேலை செய்யும் ஒரு அம்மா, மணல் சட்டியைப் பிடிக்க முடியவில்லை என்று மாதாமாதம் வருவார். எட்டு மாதம் அவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை மட்டுமே எழுதிக்கொடுத்தேன். ஒருமுறைகூட அவர் விரல்களை என் கையில் வாங்கி அழுத்திப் பார்க்கவில்லை. பின்னாளில் வேறொரு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. எம்.பி.பி.எஸ். படிப்பில் இந்த நோய்க்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு. நான் படித்தபோதும் அப்படித்தான். அது எனக்குச் சமாதானமாக இல்லை. காரணமாக மட்டும் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையை நம்பிய கதை

"ஆர்.ஏ. இல்லை என்று வந்துவிட்டது, பிறகு எப்படி ஐயா ஆர்.ஏ.?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்தான் உங்களையும் உங்கள் டாக்டரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறது. முடக்குவாதம் உள்ள பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. நோய் ஆரம்பித்த புதிதில் இன்னும் பலருக்குத் தெரியாது. மறுபக்கம், காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும், எந்த நோயும் இல்லாத சில வயதானவர்களுக்கும் அது கூடுதலாக வரும். ஆன்ட்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது, ஆனால் அதுவும் இல்லை என்று வந்து நோய் இருப்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாகவே இருக்கும்.

ஏ.எஸ்.ஓ. விஷயம் இதைவிட வருத்தமானது. அது முடக்குவாதத்துக்கான சோதனையே கிடையாது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க உதவுவது. அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும்; 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி எத்தனையோ குழந்தைகளின் இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் டாக்டர் அப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருப்பார். ருமாட்டிக், ருமட்டாய்டு என்று பெயர்கள் ஒட்டிப்பிறந்தவை போலிருக்கின்றன. லேபுகளும் மூட்டுவலி என்றாலே இரண்டு சோதனைகளையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடுகின்றன. எப்போதோ தொண்டை வலி வந்துபோன யாருக்கும் ஏ.எஸ்.ஓ. கூடுதலாக இருக்கலாம். உங்கள் எக்கோவும் சரியாக இருப்பதால் அந்த ஊசி இனித் தேவைப்படாது. சிறப்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உங்கள் கடிதத்தின் முதல் பக்கமே போதும். கத்திரிக்கோல் நுழையாத காலை, பத்து மணி வரை பிடித்திருக்கும் விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம், சரளைக்கல் பாதம். தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் ஓய்ந்திருந்தால் விறைக்கும், அசைந்தால் இளகும். தேய்மானம் பெரும்பாலும் விரல் நுனிக் கணுவைப் பிடிக்கும், முடக்குவாதம் அடிக்கணுவையும் நடுக்கணுவையும் பிடிக்கும். 34 வயதில் பத்து விரலும் தேய்வதற்கு வழியே இல்லை.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதல், கை கால் சிறு மூட்டுகளில் விடாத வீக்கம் உள்ளவரை ரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும், ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லையென்று வந்தாலும், 3 வேலை நாட்களுக்குள் சிறப்பு மருத்துவருக்கு அனுப்பச் சொல்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி நோய் தொடங்கி 6 வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். நம் ஊரில் நான்கு மணி நேரப் பஸ் பயணம் குறுக்கே நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஸ் ஏற வேண்டும் என்று உங்களுக்குத் தெரிவதற்கே பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது.

இடுப்பில் போட்ட ஊசி

கைராசி என்று நீங்கள் எழுதியது அநேகமாக ஸ்டீராய்டின் வேலை. எலும்பு டாக்டர் கொடுத்த பெயர் தெரியாத சின்ன மாத்திரையும் அதுவாகவே இருக்கும். 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில் ஹென்ச்சுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கூடவே முகம் வீங்குவதும், எலும்பு மெலிவதும், மருந்தை நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்புவதும் தெரியவந்தன. நீங்கள் அனுபவிப்பது அதே கதைதான். "முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது, சொந்தக்காரர்கள் சதை போட்டுவிட்டாய் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது சதையில்லை அம்மா.

ஸ்டீராய்டை நாங்களும் கொடுக்கிறோம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதுவரை தாங்கிக்கொள்ளக் குறைந்த அளவில் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கோடு கொடுப்பதும், வலிக்கும்போதெல்லாம் கணக்கில்லாமல் போடுவதும் ஒன்றாகாது. இனி எந்த ஊசிக்கும் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடிதத்தின் ஓரத்தில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு மூட்டுவலிச் சூரணம் தருகிறார், அதில் ஒரே வாரத்தில் குணம் என்று எழுதியிருக்கிறீர்கள். முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், தவறே இல்லை. உருளைக்கிழங்கு, புளி, தக்காளியை ஒதுக்கச் சொன்னால் ஒதுக்க வேண்டியதும் இல்லை. இந்த நோய் வாயுவால் வருவதில்லை. ஆனால் பெயர், கலவை எழுதாத பொட்டலப் பொடி ஒரே வாரத்தில் வலியை விரட்டினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அப்படிப் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

வாரத்துக்கு ஒரே நாள்

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்துதான், உங்கள் டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் சில புற்றுநோய்களுக்கு ஒரே தடவையில் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். உங்களுக்கு வாரத்துக்கு 15 மில்லிகிராம். அளவு மாறினால் வேலையும் மாறும்; இந்தச் சிறிய அளவில் அது மூட்டுச் சவ்வின் கொதிப்பை அடக்குகிறது. இந்த மருந்துக்கு நம் பக்கத்து வேர் ஒன்றும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவில்தான் 1940களில் ஃபோலிக் ஆசிட்டும், அதை எதிர்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் வகை மருந்துகளும் உருவாயின. அவர் 1948-இல் காலமானார். நாற்பது வருடம் கழித்து அது தையல்காரர்களின் விரலையும் காப்பாற்றும் என்று அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கல்லீரலைப் பற்றிய பயத்துக்கு மருந்து, சோதனைதான். முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். கல்லீரல் சோதனையில் அளவு கூடினால் மருந்தைக் குறைப்போம், வேண்டுமானால் மாற்றுவோம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் "தினம் ஒண்ணு போடுங்க" என்று சொன்னார்கள் என்றும், நல்லவேளை சீட்டைப் பார்த்துக்கொண்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. தினம் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்து, காலண்டரில் வட்டம் போடுங்கள். மாத்திரை 2.5, 7.5, 10, 15 என்று பல அளவுகளில் வருகிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் அளவைப் படியுங்கள். ஃபோலிக் ஆசிட்டும் இதுவும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதுண்டு. தனித்தனி டப்பாவில் வையுங்கள். மகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேஸ் போடலாமா?

நான் வக்கீல் இல்லை. நடைமுறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, எனவே வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனால் 2005-இல் அதே நீதிமன்றம், கணிப்பில் நேரும் தவறு மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் எக்கோ எடுக்கச் சொன்னார், சோதனைகள் செய்தார். தெரியாமல் தவறினார், அக்கறையில்லாமல் தவறவில்லை. என் அபிப்பிராயம், அந்தப் பணத்தையும் ஓட்டத்தையும் விரல்களுக்குச் செலவிடுங்கள். கணவர் மனம் ஆறவில்லை என்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்டு வாங்க வேண்டிய உரிமை ஒன்று இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். பதினான்கு மாதத்தில் போட்ட ஊசிகள், மாத்திரைகள், தேதிகள் எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். வழக்குக்காக இல்லை. எவ்வளவு ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது என்று உங்கள் சிறப்பு மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

போன மாதங்களும், வரும் தையும்

அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் எக்ஸ்ரேயில் அரிப்பு ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு உங்களைக் கத்திரிக்கோல் பிடிக்கவிடாமல் செய்வது அந்த அரிப்பு இல்லை, சவ்வின் வீக்கம். அது மருந்துக்கு வடியும். மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலை. இதுதான் எங்கள் இலக்கு. எட்டவில்லையென்றால் மருந்தைக் கூட்டுவோம், அல்லது இன்னொன்றைச் சேர்ப்போம். ஒவ்வொரு முறையும் மருத்துவர் 28 மூட்டுகளைத் தொட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் பாதம் சேராது, எனவே சரளைக்கல் வலி இன்னும் இருந்தால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாம். இந்த நோய் அதற்குத் தடை இல்லை. மெத்தோட்ரெக்ஸேட்தான் தடை: கருவைக் குலைக்கும், ஊனப்படுத்தும். கருத்தரிக்க முயலும் முன்பு மூன்று மாதம் அதை விட்டிருக்க வேண்டும் என்பது என் வழக்கம். அதைத் திரும்ப ஆரம்பிக்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; சாப்பிடும் காலம் முழுக்க நம்பகமான கருத்தடை தேவை. தை மாதத்துக்குள் நோய் அடங்கியிருக்காது என்பதால், இந்தத் தையைக் குழந்தைக்கான மாதமாக வைக்காதீர்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு சிறப்பு மருத்துவரிடம் போய் மூவருமாகப் பேசுங்கள். நோய் அடங்கிய பிறகு, கர்ப்பத்திலும் சாப்பிடக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றுக்கு மாற்றி, பிறகு முயலலாம். கர்ப்பக் காலத்தில் பலருக்கு நோய் தணிந்தே இருக்கும், பிரசவத்துக்குப் பின் சீறும். அதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். யாராவது லெஃப்ளூனமைடு என்ற இன்னொரு முடக்குவாத மருந்தை எழுதினால், குழந்தைத் திட்டம் இருப்பதை உடனே சொல்லுங்கள். அது உடம்பில் நெடுங்காலம் தங்கும் மருந்து.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சீட்டில் உள்ளவை எல்லாம் விலை குறைந்தவைதான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்த நோய்க்குத் தனிப்பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு.

உங்கள் டாக்டரை விட்டுவிடாதீர்கள்

சிறப்பு மருத்துவரை நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கப் போகிறீர்கள். நடுவில் வரும் காய்ச்சல், இருமல், நீர்க்கடுப்பு, சர்க்கரை அத்தனைக்கும் இருபது வருடமாக உங்களைத் தெரிந்த அந்த மனிதர்தான் பக்கத்தில் இருப்பார். அவருக்குத் தெரியாததைத் தெரியவைத்துவிட்டால், உங்களுக்கு அவரைவிட நல்ல காவல் கிடையாது. கீழே இருப்பது அவருக்கு. கிழித்துக்கொண்டுபோய்க் கொடுங்கள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சகோதரிக்கு ஆன்ட்டி சி.சி.பி. மிகுந்த, எலும்பு அரிப்பு தொடங்கிவிட்ட முடக்குவாதம். சிறப்பு மருத்துவர் மறுபடி எழுதித் தந்ததும், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் உடன் ஃபோலிக் ஆசிட்டும் சாப்பிடுவார். இடைக்காலச் சோதனைகளை உங்களிடமே எடுத்துக்கொள்ள வைக்க விரும்புகிறேன். நீர்க்கடுப்புக்கோ வேறு தொற்றுக்கோ கோட்ரைமாக்ஸசோல், டிரைமெத்தோபிரிம் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கிவிடும். கடுமையான காய்ச்சலோ ஆன்ட்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்றோ இருந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவையுங்கள். வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு என்று வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்களும் மார்பு எக்ஸ்ரேயும் பார்த்து, சிறப்பு மருத்துவரை அழையுங்கள். அணுக்கள் சரிந்திருந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மாற்றுமருந்து ஃபோலினிக் ஆசிட். மாதவிலக்கு தள்ளிப்போனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அழையுங்கள்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினால், அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு ஊசி வேண்டாம், உடனே அனுப்பிவையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. எங்கள் பிரிவில் நாங்கள் மூட்டைப் பார்க்கும் கவனத்தில் அதை அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

அடுத்த முறை வேறு யாராவது வீங்கிய விரல்களோடு உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் லேசாக அழுத்திப் பாருங்கள். வலியில் கையை இழுத்துக்கொண்டால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அனுப்பிவையுங்கள்.